அட்வான்ஸ் உங்கள் பணம். நிமிர்ந்து நின்று கேளுங்கள்!

சென்னையில் வாடகைக்குக் குடியிருந்தவர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது. வீட்டைப் பெருக்கித் துடைத்தாயிற்று. சாவியை நீட்டும்போது ஓனர், “கொஞ்சம் இருங்க, ஒரு தடவை பாத்துடறேன்” என்று உள்ளே போகிறார். ஹாலையும் சமையலறையையும் வேகமாகக் கடக்கிறார். பாத்ரூம் வாசலில் நின்று லைட்டைப் போடுகிறார். “என்னம்மா இது, டைல்ஸெல்லாம் இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க? குழாயப் பாருங்க. கதவு அடியில ஊறி உப்பிப்போச்சு. இதை முழுசா இடிச்சுத்தான் பண்ணணும். நாப்பதாயிரம் ஆகும். அட்வான்ஸ்ல கழிச்சுட்டு மீதியை அடுத்த மாசம் போட்டுவிடறேன்.”

அந்த நொடியில் நம்மில் பெரும்பாலோர் என்ன சொல்கிறோம்? “கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்.”

அவ்வளவுதான், முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் நாற்பதாயிரத்துக்கும் தலையாட்டிவிட்டோம். இனிமேல் நடக்கும் பேச்செல்லாம் அவர் எவ்வளவு இரக்கம் காட்டுவார் என்பது பற்றித்தான். நாம் உண்மையிலேயே கடன்பட்டிருக்கிறோமா என்ற கேள்வி வாயிலேயே செத்துவிட்டது. பத்து ரூபாய் தக்காளியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்கும் நாம், வருடக்கணக்கில் சேர்த்த பணத்தை ஒரு பாத்ரூம் வாசலில் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறோம். இந்தக் குனிவு எனக்கு ஆறவே ஆறாத கோபத்தைத் தருகிறது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உள்ளத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் என்பது ஓனருடைய பணமல்ல. அது உங்கள் பணம். அவர் கையில் பிணையாகக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பித் தருவது அவர் செய்யும் உபகாரமாகாது. தர வேண்டியதைத் தருகிறார். நகையை அடகு வைத்து, சீட்டை முன்கூட்டியே எடுத்து, ஊரில் அப்பாவிடம் வாங்கி நீங்கள் கொடுத்த பணம் அது. ஆறு மாத வாடகை, பத்து மாத வாடகை என்று மொத்தமாக எண்ணி வைத்தபோது அவர் கூச்சப்படவில்லை. அதைத் திருப்பிக் கேட்கும்போது நீங்கள் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

“பெரிய மனுஷன், வயசானவர், இத்தனை வருஷம் நல்லாத்தானே பழகினார்” என்கிறீர்கள். மரியாதையாகவே பேசுங்கள். சாரை சார் என்றே கூப்பிடுங்கள், அம்மாவை அம்மா என்றே கூப்பிடுங்கள். கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? குரலை உயர்த்தாமலே “இது என் கணக்கில் வராது சார்” என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லிப் பழகாத நாக்கு முதல் தடவை நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே சொல்லுங்கள்.

அந்த நடுக்கத்தைப் போக்கும் மருந்து வீராவேசத்தில் இல்லை. விவரம் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. கண்ணகி பாண்டியன் அவையில் அழுதுகொண்டு மட்டும் நிற்கவில்லை. சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, அவள் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். அதற்கு மேல் அரசனுக்கு மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. தைரியத்தின் கையில் சான்றும் இருந்தது, அதனால் அரசவையே வாயடைத்து நின்றது. நம் கையிலும் சான்று வேண்டும். எனவே விவரத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அட்வான்ஸைப் பற்றி அது தெளிவாகப் பேசுகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். “அடுத்த ஆள் குடிவரட்டும், அவங்க அட்வான்ஸ் தந்ததும் உங்களுக்குத் தர்றேன்” என்ற வழக்கமான பதிலுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

இரண்டாவது, வீட்டை எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பது. குடிவந்தபோது இருந்த நிலையில். ஆனால் புழங்கியதால் இயல்பாக ஏற்படும் தேய்மானம் நீங்கலாக. இது நேற்று வந்த சலுகையுமல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108, வெள்ளைக்காரன் காலத்திலேயே இதைச் சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருப்பதற்குத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள். குளித்தால் தரை நனையும். கதவைத் திறந்து மூடினால் கீல் தேயும். அந்தத் தேய்மானத்துக்கான விலை நீங்கள் கொடுத்த வாடகைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு இரண்டாம் முறையும் விலை கேட்பது எந்த நியாயம்?

மூன்றாவது, 2017 சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஓனர் எதைச் செய்ய வேண்டும், குடியிருப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்ப் பாதைகளை மாற்றுவது, ஒயரிங் இவையெல்லாம் ஓனர் பக்கம். (பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் வழக்கம் இருக்கிறதே, உங்கள் அக்ரிமென்ட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) திருகு குழாய், அதன் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர் ஆகியவற்றின் பழுது, தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் பக்கம். இதைப் படித்து உங்களில் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். உங்கள் பக்கத்துப் பட்டியலையும் நீங்கள்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு போகிறவன் நடுவழியில் தடுமாறுவான்.

இப்போது அந்தப் பாத்ரூமுக்குள்ளேயே போவோம். ஓனர் விரல் நீட்டும் ஒவ்வொன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.

குழாயில், டைல்ஸில் படிந்திருக்கும் வெள்ளைப் படலம். போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் இது வராமல் இருக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள், தண்ணீர் காய்ந்ததும் அங்கேயே தங்கி அடுக்கடுக்காக ஏறுகின்றன. அந்தத் தண்ணீரை நீங்கள் கொண்டுவரவில்லை. அது அந்த மனையின் தண்ணீர். ஓரளவு தேய்த்துக் கழுவி வைப்பது உங்கள் கடமை. கழுவியும் போகாத கறைக்காகத் தரையை இடிக்கும் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது. ஆனால் ஒன்று: கறை போகட்டும் என்று ஆசிட்டை ஊற்றித் தேய்த்து, குழாயின் குரோம் பூச்சை உரித்தும், டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரித்தும் வைத்தது நீங்களென்றால், அந்தப் பழி உங்களுடையது.

விரிசல் விட்ட டைல்ஸ். இங்கேதான் நிதானம் வேண்டும். குனிந்து, ஐந்து ரூபாய் நாணயத்தால் அதன் மேல் தட்டுங்கள். பக்கத்து டைல்ஸிலும் தட்டுங்கள். அடியில் சிமெண்ட் முழுக்கப் பிடித்திருந்தால் கல்லில் தட்டினாற்போல் கெட்டியான சத்தம் வரும். அடியில் வெற்றிடம் இருந்தால் ‘டொக் டொக்’ என்று பொள்ளலாக ஒலிக்கும். கொத்தனார் சிமெண்டைப் பரப்பாமல் நடுவில் ஒரு கரண்டி வைத்து ஒட்டிப் போயிருந்தால் மூலைகளுக்கு அடியில் பிடிமானமே இருக்காது. சும்மா நடந்தாலே ஒரு நாள் அது விரியும். விரிசலின் போக்கையும் பாருங்கள். ஒரு டைல்ஸில் தொடங்கி அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் ஒரே கோடாக ஓடினால் அடித்தளம் அசைந்திருக்கிறது. ஒரே இடத்தில் சில்லு பெயர்ந்து, அங்கிருந்து சுற்றிலும் கீறல் பரவியிருந்தால் ஏதோ கனமான பொருள் விழுந்திருக்கிறது. முதலாவது கட்டியவரின் குறை. இரண்டாவது உங்கள் வீட்டு இரும்பு வாளியாக இருக்கலாம். நாணயம் தட்டும் சத்தத்தையும் சேர்த்து வீடியோ எடுத்து வையுங்கள். அரை நிமிடம் போதும்.

கீழ் வீட்டுக் கூரையில் ஓதம். “நீங்க தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் கீழ கசியுது” என்பார்கள். குளியலறையில் தண்ணீர் ஊற்றாமல் வேறு எங்கே ஊற்றுவது? நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் பாத்ரூம் தளத்தைப் பள்ளமாகப் போட்டு, அதற்குள் குழாய்களைப் படுக்க வைத்து, செங்கல் சல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். பள்ளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு விட்டுப்போனாலோ, உள்ளே குழாய் இணைப்பு விலகினாலோ கீழே கசியும். உங்கள் காலுக்கு அடியில், சிமெண்டுக்கும் அடியில் இருக்கும் குழாயை நீங்கள் எப்படிக் கெடுத்திருப்பீர்கள்? ஆனால் கசிவு தெரிந்த அன்றே ஓனருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். தெரிந்தும் மாதக்கணக்கில் சொல்லாமல் விட்டால் “நீங்க சொல்லலையே” என்ற ஒரு கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

கதவின் அடிப்பகுதி உப்பியது தேய்மானம். கதவை உதைத்து ஓட்டை போட்டது சேதம். டைல்ஸில் அனுமதி கேட்காமல் ஆணி அடிக்கப் போய் உடைத்தது சேதம். வாஷ்பேசின் விளிம்பு உடைந்தது சேதம்.

சேதம் உங்களுடையதா? தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். “வாஷ்பேசின் நாங்க உடைச்சது சார், அதுக்கான பணத்தை எடுத்துக்கோங்க” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பட்ட கடனை ஒளிக்காதவனின் குரலில் ஒரு திடம் வரும். எதிரே நிற்பவருக்கும் அது புரியும். உங்கள் தன்மானம் அட்வான்ஸ் முழுவதையும் பிடுங்கி வருவதில் இல்லை. உங்களுக்குரியதில் ஒரு ரூபாய் விடாமல், அடுத்தவருக்குரியதில் ஒரு ரூபாய் தொடாமல் கணக்கை நேராக முடிப்பதில் இருக்கிறது.

ஒப்புக்கொண்ட பிறகும் கணக்கை விடாதீர்கள். இரண்டு டைல்ஸ் உடைந்தால் இரண்டு டைல்ஸ். ஐந்தடிக்கு ஏழடிப் பாத்ரூமின் தரை மட்டும் 35 சதுர அடி. அடிக்கு அடி அளவுள்ள இரண்டு டைல்ஸுக்காக 35 சதுர அடியையும் பெயர்த்துப் புதிதாகப் போடும் கூலியை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? “அதே டிசைன் இப்ப கிடைக்காதும்மா” என்பார். இருக்கலாம். அப்படியானால் அந்த டைல்ஸின் வயதென்ன என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்துத் தேய்ந்த தரைக்குப் புதுத் தரையின் முழு விலையை வாங்கினால், அவருடைய நஷ்டம் ஈடுகட்டப்படவில்லை. அவர் வீடு உங்கள் காசில் புதுப்பிக்கப்படுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நஷ்டத்துக்குத்தான் ஈடு கேட்கச் சொல்கிறது, லாபத்துக்கு இல்லை. “சேதமானால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படாது” என்று அக்ரிமென்ட்டில் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மனம் தளராதீர்கள். அந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான ஈட்டுக்கு மேல் தராது. நஷ்டமே ஏற்படாதபோது முன்பணத்தைப் பறிக்க முடியாது என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும், டெல்லி வளர்ச்சி ஆணையம் என்ற பெரிய அரசு நிறுவனத்துக்கு எதிராக.

இனி, எப்படிக் கேட்பது? வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். சாவி கொடுத்த தேதி, கொடுத்த அட்வான்ஸ், அதை எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்தீர்கள், அவர் கழிக்கச் சொல்லும் தொகை. அதன் கீழே நேரான கேள்விகள்: எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துத் தாருங்கள். பிளம்பரோ கொத்தனாரோ எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைத் தாருங்கள். வேலை முடிந்திருந்தால் பில்லைத் தாருங்கள். குடிவந்தபோது அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கான புகைப்படத்தைத் தாருங்கள். கழித்துக்கொள்கிறவர்தான் கணக்குக் காட்ட வேண்டும். நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையையும் அதிலேயே எழுதி, மீதியை எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று முடியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் நாற்பதாயிரமாக இருந்த தொகை, பில் கேட்டதும் பல இடங்களில் தானாகவே இளைத்துப்போகும். ஏனென்றால் அந்தத் தொகைக்கு அடியிலும் பல நேரம் வெற்றிடம்தான்.

மிரட்டல் வரும். “எங்க வேணாலும் போய்க்கோ” என்பார்கள். புரோக்கர் அண்ணன் போன் செய்து, “விடுங்க தம்பி, போனது போகட்டும்” என்று சமாதானம் பேசுவார். சொந்தக்காரர்களே “அவங்ககிட்ட மோத முடியுமா?” என்பார்கள். கலங்காதீர்கள், பதிலுக்குக் கத்தவும் செய்யாதீர்கள். “சரி சார், எழுத்துல சொல்லிடுங்க” என்ற ஒரே வாக்கியத்தோடு நில்லுங்கள்.

போவதற்கு இடம் இருக்கிறது. உங்கள் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் ஆகியிருந்தால், 2017 சட்டத்தின் வழியில் மனுச் செய்யலாம். முதல் படியில் வாடகை அதிகாரி இருக்கிறார். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இருக்கின்றன. பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டுப் பதிவே செய்யாதவர்களின் பாதை இதைவிடக் கரடு. உண்மையை மறைக்க மாட்டேன். ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்க வழி உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பணம் வசூலுக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு, ஆகவே “பார்த்துக்கொள்ளலாம்” என்று வருடங்களை ஓட்டிவிடாதீர்கள்.

புது வீட்டுக்கு இப்போதுதான் குடிபோகிறவர்களே, உங்களுக்குத்தான் இது மிகவும் சுலபம். பால் காய்ச்சும் நாளன்று, சாமான் இறங்குவதற்கு முன், பாத்ரூமின் ஒவ்வொரு மூலையையும் வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து மூடுங்கள், ஃப்ளஷ் டேங்கை அழுத்துங்கள், ஏற்கெனவே இருக்கும் விரிசல் ஒவ்வொன்றையும் கிட்டே போய்ப் படம் பிடியுங்கள். அன்றைக்கே ஓனருக்கு அனுப்பி, “குடிவரும்போது இருந்த நிலை சார், உங்க பார்வைக்கு” என்று ஒரு வரி எழுதுங்கள். அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

காலி செய்துவிட்டு, போன் வரும் வரும் என்று காத்திருப்பவர்களே, அந்தப் போன் தானாக வராது. சாமான் பிரிக்காத அட்டைப்பெட்டி மேலேயே ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். சாவி கொடுத்த தேதியை முதல் வரியில் எழுதுங்கள். உங்களுக்கு வர வேண்டிய தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். கீழே முழுப்பெயரோடு கையெழுத்துப் போடுங்கள். இன்று இரவே எழுதி முடித்து, காலையில் தபால் நிலையம் திறந்ததும் அனுப்பிவிடுங்கள்.